நாலு மணிக்கு வருகிறவர்கள்

எது கெட்டுப்போனாலும் அவள் முதலில் அதைத் தொடமாட்டாள். எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடக்கிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். பார்த்து முடிந்ததும் ஒன்றே ஒன்றை மாற்றுவாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

"ஒரு வாட்டிக்கு ஒண்ணுதான் மாத்தணும் பெரிம்மா. ரெண்ட மாத்திட்டா, எது சரி பண்ணிச்சின்னே தெரியாம பூடும்" என்பாள்.

எங்கள் வீட்டு மாடி ரூமில் இரண்டு வருஷம் குடியிருந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரத்தம் சோதிக்கிற லேப்பில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் திருமுக்கூடல் பக்கம். தெருவில் எல்லோரும் லேப்புக்காரப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பெயர் தெரியும். அவளைக் கேட்காமல் அதை எழுத மனசு வரவில்லை.

எனக்கு யாரிடமும் நேராகப் பேச வராது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் பேசினார், நான் பின்னால் நின்றேன். அவர் போன பிறகு பால்காரருக்குக்கூடப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு, அதிகம் பேசாத ஒருத்தி குடிவந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் படியேறுகிற சத்தமும் இறங்குகிற சத்தமும் போதும், வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள.

ஒருமுறை மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எதிர் வீட்டுக்காரி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உன் தண்ணிய பக்கத்து வூட்டான் உறிஞ்சிக்கினு கீறான்க்கா. புதுசா போர் போட்டானே, அப்பவே சொன்னேன்" என்றாள். நானும் அதை நம்பி மூன்று நாள் பக்கத்து வீட்டாரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இவள் இறங்கி வந்தாள். மோட்டாருக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். வாஷரை மாற்றினாள், காத்திருந்தாள். இல்லை. பைப்பை அவிழ்த்தாள், காத்திருந்தாள். இல்லை. கடைசியில் வால்வுக்குள் விரலை விட்டு ஒரு வேப்பிலைக் கொத்தை எடுத்து எதிர் வீட்டுக்காரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தோ. இவன்தான் உறிஞ்சிக்கினு இருந்தவன். போலீசுக்கு சொல்லிடலாமா?"

எதிர் வீட்டுக்காரி இலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை.

நான் கேட்டேன், "ஒனக்கு பக்கத்து வூட்டுக்காரர் மேல சந்தேகமே வரலியாமா?"

லேப் கதையைச் சொன்னாள். ஒருத்தருடைய இரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாகக் காட்டினால் முதலில் குழாயைப் பார்ப்பாளாம். அப்புறம் மருந்து. அப்புறம் மிஷின். அப்புறம் தன்னுடைய கை. இத்தனையும் சரியாக இருந்தால்தான் அந்த ஆளுக்கு வியாதி என்று எழுதுவாளாம். "மனுசங்க கடைசி பெரிம்மா" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாளோ. பால் மூன்று நாள் திரிந்தபோது சொன்னாள். பால்காரர்மேல் தப்பில்லை, என் பாத்திரத்தின் விளிம்பில் இருந்த பழைய புளிப்புதான் காரணம். பஸ்காரர் நிறுத்தாமல் போன அன்றுகூடச் சொன்னாள், கண்ணாடியில் வெயில் அடித்திருக்கும் என்று. கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். பிறகு ஒரு ஐப்பசி மாதம் முழுக்க அதே வார்த்தை என் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த ஐப்பசி பிறந்த அன்றுதான் அவள் மாடியில் அந்தப் பெட்டியைச் செய்து முடித்தாள்.

செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். யாரோ தூக்கிப்போட்ட பழைய வைஃபை பெட்டி ஒன்றை வாங்கி வந்து, அதற்குள் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதினாள். பல்லி நுழையக்கூடாது என்று பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றில் அடைத்தாள். சூடு வெளியே போக, கோணி ஊசியைக் காய்ச்சி மூடி முழுக்க ஓட்டை போட்டாள். இட்லித் தட்டு மாதிரி இருந்தது மூடி. அதன் பக்கத்தில் ஒரு கை விளையாட்டுப் பெட்டி. திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மூடினால் பவுடர் டப்பா.

எதிர் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "இன்னாக்கா, உன் மாடில டவர் போட்டுக்கீறாங்களா? என் வூட்டு கத்திரிச் செடியில பூ நிக்க மாட்டேங்குது. கல்யாணம் காட்சி ஆவாம பொம்ம ஆட்டம் ஆடிக்கினு கீது அந்தப் பொண்ணு."

இவள் மாடியிலிருந்தே கேட்டாள். "கத்திரிக்கு தண்ணி ஊத்துனீங்களா அத்த? மொதல்ல அத பாருங்க."

அந்தப் பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வராது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுண்டல் கொடுக்கப் போனபோது அவளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். விளையாட்டுப் பெட்டியின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திறந்தாள். உள்ளே ஒரு வாசல், அதன் முன்னால் கட்டைவிரல் அளவில் ஆறு பேர் நின்றார்கள். ஒருத்தர் நரை மீசை. ஒருத்தி தலையில் பூனைக் காது. ஒரு கிழவர் தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி போட்டிருந்தார். ஒவ்வொருத்தராக முன்னால் வந்து கையை ஆட்டி, அவர்கள் பாஷையில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"தெரியாது பெரிம்மா. ஜப்பான்ல ஒரு ஊரு. அங்க ஒரு கடை. அந்தக் கடை வாசல்ல இந்த மாதிரி பெட்டிய பையில வெச்சிக்கினு நடந்து போனவங்க."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஒவ்வொருத்தரும் தன் முகஜாடையில் ஒரு பொம்மையும், அது சொல்ல ஒரு வரியும் செய்து பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்களாம். இந்த விளையாட்டுப் பெட்டி வைத்திருக்கிற இரண்டு பேர் தெருவில் எதிரெதிரே போனால் போதும், இவருடைய பொம்மை அவர் பெட்டிக்கும் அவருடைய பொம்மை இவர் பெட்டிக்கும் போய்விடுமாம். சில கடைகளில் அதற்கென்றே ஒரு வைஃபை வைத்திருப்பார்களாம். அந்த வழியாகக் கடைசியாகப் போன ஆறு பேருடைய பொம்மைகள் அதில் நிற்கும். ஏழாவது ஆள் வந்தால் முதல் ஆள் போய்விடுவார். ஒவ்வொரு கடைப் பெட்டிக்கும் ஒரு நம்பர். மாடியில் இருக்கிற சாப்பாட்டு டப்பா, ஜப்பானில் இருக்கிற அந்தக் கடையின் நம்பரைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்தக் கடை வாசலும் எங்கள் மாடி ரூமும் ஒரே இடம்.

ஒரே இடம் என்று அவள் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் மாடிப்படியைக் கூட்டும்போது ஓரமாகவே கூட்டினேன். நடுவில் யாரோ ஏறிப்போகிற மாதிரி இருந்தது. குடையை மடக்கிக்கொண்டு, செருப்பைக் கீழ்ப்படியில் விட்டுவிட்டு, பூனைக் காது வைத்த பெண்ணும் இரட்டைத் தொப்பிக் கிழவரும். ஏரியிலிருந்து வருகிற காற்றில் மாடிக் கதவு லேசாக ஆடும். வந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுடைய பொம்மையையும் காட்டினாள். வட்ட முகம், ஒற்றைப் பின்னல். பொட்டு வைக்க அதில் வழி இல்லையாம். மச்சம் வைக்க வழி உண்டாம். அந்த மச்சத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்தி நெற்றிக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"தம்பி பண்ணது" என்றாள். "இந்தப் பெட்டியும் அவன் வாங்கியாந்ததுதான். அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

அன்றைக்குத்தான் தம்பி கதையைச் சொன்னாள். ஜப்பானில் அந்தக் கடை இருக்கிற ஊரில்தான் அவனுக்கு, கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அப்பா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. காரியத்தன்று போன் செய்தான். ஊரே கூடியிருக்கிறது, கொள்ளி வைக்கக்கூட மகன் வரவில்லை என்று ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். இவள் போனை வாங்கி, "நீ வராததே நல்லது. இனிமே வரவே வராத" என்று சொல்லிவிட்டாள்.

"சின்னதுலேர்ந்து நான் சொன்னத தட்டமாட்டான் பெரிம்மா. நில்லுன்னா நிப்பான். வராதன்னா வரமாட்டான்."

நம்பரை மாற்றிவிட்டான். கூட வேலை செய்கிற சிநேகிதன் ஒருத்தன் மட்டும் எப்போதாவது பேசுவான். நன்றாக இருக்கிறான், நம்பர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான் என்பான். வேலை முடிந்து வருகிற வழியில் அந்தக் கடை இருக்கிறது என்பதும், தம்பியின் பையில் இன்னும் அந்த விளையாட்டுப் பெட்டி இருக்கிறது என்பதும் அந்தச் சிநேகிதன் சொன்னதுதான்.

"அந்தப் புள்ளைய கெஞ்சிக் கேட்டா நம்பர் குடுத்துட மாட்டானா?" என்றேன்.

"போன் பண்றது கதவ தட்ற மாதிரி பெரிம்மா. தொறந்தே ஆவணும். இது தெருவுல எதிர்க்க வர்ற மாதிரி. புடிக்கலன்னா தலைய குனிஞ்சிக்கினு போயிடலாம். அவனுக்கு அந்த வழி இருக்கட்டும்."

அவளுடைய பொம்மை சொல்கிற வரி ஒரே ஒரு வார்த்தை. தமிழ் எழுத்து அதில் வராது, இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தாள். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். வாசித்துக் காட்டினாள். சாப்டியா.

தம்பி கடை வழியாக வருகிற நேரம் நமக்கு மூன்று மணி. காலை எட்டு மணிக்குப் பெட்டி ஒருதடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும். ஒரே நம்பருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். அப்படியானால் அடுத்தது நாலு மணி. காலையில் வருகிறவர்கள் யாரோ. நாலு மணிக்கு வருகிற ஆறு பேரில்தான் தம்பி இருக்க முடியும்.

"ஆனா நாலு மணிக்கு ஒருத்தரும் வர்றதில்ல பெரிம்மா. நான் ஏழு மணிக்கு வந்து பாத்தா நம்பர் காணாம போயிருக்கு. பெட்டி தன்னோட பழைய நம்பருக்கே திரும்பிப் போயிருக்கு. தினமும் ராத்திரி நான் மறுபடி போட்டு வெக்கறேன். கரண்ட் போய்ட்டு வந்தாதான் அப்படி ஆவும். அதுல பாக்கறேன், தினமும் ஆறு மணிக்கு புதுசா உயிர் வந்த மாதிரி காட்டுது. ஆறு மணிக்கு இங்க கரண்ட் போவுதா?"

நான் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "போவுதோ இன்னாமோ" என்றேன்.

என் விஷயத்தைச் சொல்லவேண்டும். பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் என் அக்காவைக் கொடுத்திருந்தது. ஒரு ஐப்பசி மத்தியானம் அக்கா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. டிவி ஒயர் வழியாக வீட்டுக்குள் வந்தது. டிவி வெடித்து, சுவர் மேலேயிருந்து கீழே வரைக்கும் பிளந்து, சுவிட்ச் போர்டு அடுப்புக்கரியாகிவிட்டது. அக்காவுக்கு ஒரு காது போனது. அன்றிலிருந்து ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க, வானம் வெளுத்திருந்தாலும் சரி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பச் சொருகுவேன். வால் இருக்கிற எதையும் விட்டுவைப்பதில்லை.

மாடியிலும்.

அவள் குடிவந்தபோது, "இந்த ரூமுக்கு வேற சாவி இருக்குதா பெரிம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போது உண்மையிலேயே காணவில்லை. பிறகு ஒருநாள் கடுகு டப்பாவில் அகப்பட்டது. கிடைத்துவிட்டது என்று சொல்ல வெட்கம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று போனது. மழை மாதம் வந்ததும் அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து, அவள் பாயை மிதிக்காமல் ஓரமாகப் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தேன். மறுபடி ஆறு மணிக்குப் போய்ச் சொருகினேன். ஒரு பெண் பூட்டிவிட்டுப் போன ரூமுக்குள் தினம் இரண்டுமுறை. இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் காலி செய்துவிட்டுப் போய்விடுவாள். படியில் சத்தம் நின்றுவிடும்.

அவள் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். முதலில் ஒயரை மாற்றினாள். காத்திருந்தாள். பிறகு சுவிட்ச் போர்டின் ஸ்க்ரூவை முறுக்கினாள். காத்திருந்தாள். கரண்ட் போனாலும் தாங்குவதற்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கிவந்து நடுவில் வைத்தாள். நான் அதிலிருந்தும் பிடுங்கினேன். டப்பா மூடியில் இன்னும் பத்து ஓட்டை போட்டாள். சூட்டினால் இருக்குமோ என்று பக்கத்தில் மண் பானையில் தண்ணீர் வைத்தாள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினாள். எண்ணும் இங்கிலீஷுமாக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் கடைசி வரி மட்டும் தமிழ். நான் பிளக் சொருகப் போகிறபோது அந்த வரியைப் படிப்பேன்.

காரணம் தெரியவில்லை.

காரணம் தெரியவில்லை.

காரணம் அந்த நோட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, கையில் சாவியோடு.

ஒரு நாளாவது பிடுங்காமல் இருந்து பார்க்கலாம் என்று நினைக்காமல் இல்லை. படுத்தால் அக்கா வீட்டுச் சுவர் கண்முன் வரும். எழுந்து போய்ப் பிடுங்கிவிட்டு வருவேன். பாதித் தூக்கத்தில் தெரியும், நரை மீசைக்காரரும் மற்றவர்களும் மாடிப்படி வரைக்கும் வந்து, கதவு மூடியிருக்கிறதே என்று மழையில் நிற்கிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி போட்ட பையன். கன்னத்தில் மச்சம், எப்போதும் தூக்கம் வருகிற கண். அவள் சொல்லிச் சொல்லி எனக்கு அவனை அடையாளம் தெரியும்.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆனது. ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பி, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"நாஷ்டா துன்னியாமா?"

"பசிக்கல பெரிம்மா. தம்பியோட சிநேகிதன் பேசினான். இன்னும் நாலு நாள்தான். அப்பால தம்பிய வேற ஊருக்கு மாத்தறாங்களாம். அந்தக் கடை வழி அதோட முடிஞ்சிது." நோட்டைப் புரட்டினாள். "எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒயர் சரி. பேட்டரி சரி. சூடு இல்ல. என் கையும் சரி. இனிமே மனுசங்கதான் பாக்கி. நான் வரக்கூடாதுன்னு அவன்தான் இன்னாவோ பண்ணிக்கீறான். படிச்சவன், அவனுக்கு இதெல்லாம் தெரியும். எழுதிட வேண்டியதுதான்."

பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

நான் உள்ளே போனேன். கடுகு டப்பாவைத் திறந்தேன். சாவியைக் கொண்டுவந்து அவள் எழுதப்போன பக்கத்தின் மேல் வைத்தேன். கடுகு நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்து காகிதத்தில் உருண்டது.

"இன்னா பெரிம்மா இது?"

"மாடி சாவி."

"இல்லன்னு சொன்னீங்களே."

"கீது." துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "நாந்தான் புடுங்கறேன்."

"எத்த?"

"எல்லாத்தியும். சாப்ட்டதும் புடுங்குவேன். வெளக்கு வெக்கசொல்ல சொருவுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவள் சாவியையே பார்த்தாள். மோட்டாரைப் பார்த்த மாதிரி, திரிந்த பாலைப் பார்த்த மாதிரி. நான் அவள் பெட்டி படுக்கையோடு இறங்கிப் போவதை அதற்குள் மனதில் பார்த்துவிட்டேன்.

"அப்ப ஒயர் நல்லாதான் கீது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தம்பி மேலயும் தப்பில்ல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம் துடைத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் என்று கேட்டாள். அக்கா வீட்டைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப புடுங்கத்தான் வேணும் பெரிம்மா. ஒங்க வூடு இது. மேகம் கட்டலன்னா மட்டும் வுட்டுவைங்க. இடி இடிச்சா புடுங்கிடுங்க. தம்பிக்காக வூட்ட கொளுத்திக்க முடியுமா?" சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். நோட்டில் ஏதோ எழுதி, மாடியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

மத்தியானம் மாடிக்குப் போனேன். பிடுங்கப் போகவில்லை. நோட்டைப் பார்க்கப் போனேன். என் பெயரோ, வீட்டுக்காரம்மா என்றோ எழுதியிருப்பாள் என்று பயந்துகொண்டே திறந்தேன்.

காரணம்: இடி, என்று எழுதியிருந்தாள்.

அந்த மூன்று நாளும் வெயில். நாலு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவள் ஏழு மணிக்கு வந்து திறந்து பார்ப்பாள். ஆறு பேர் வந்திருப்பார்கள், தம்பி இல்லை. "பரவால்ல. நான் போய் அங்க நிக்கறேன் இல்ல, அவன் பாத்திருப்பான்" என்பாள். நெற்றியில் மச்சத்தைப் பொட்டாக வைத்துக்கொண்டு, சாப்டியா என்று கேட்டபடி அவள் அந்தக் கடை வாசலில் நிற்பதை நானும் நினைத்துப் பார்ப்பேன்.

நாலாவது நாள் காலையிலேயே ஏரிப் பக்கம் கறுத்தது. அவள் கிளம்பும்போது வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பஸ்ஸுக்கு நடந்தாள். இரண்டு மணிக்கு முதல் இடி. கீழே எல்லாவற்றையும் பிடுங்கினேன். மிக்சி, டிவி, ஃபேன், ஒன்று விடவில்லை. மாடிக்கு ஓடினேன். பிளக்கில் கை வைத்தேன்.

கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

மழை ஒரே வெள்ளையாக இறங்கியது. கல்வெட்டுக் கோயில் பக்கமிருந்து ஒரு மின்னல், ரூம் முழுக்க வெளிச்சமாகி அணைந்தது. பின்னாலேயே இடி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கரண்ட் போய்விட்டது. சின்ன பேட்டரி மட்டும் கீச்சென்று கத்திக்கொண்டு பெட்டியைத் தாங்கிப் பிடித்தது. பேட்டரியின் வால் அப்போதும் சுவரில்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா வீட்டுச் சுவர் வந்தது. அதைத் தள்ளிவிட்டு அந்தக் கடைத் தெருவை வரவழைத்தேன். அங்கேயும் மழை. வேலை விட்டு வருகிற கூட்டம். குடைகள். அதில் ஒருத்தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்து வருகிறான். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று அவள் அவனுக்கு வழி விட்டிருக்கிறாள். கொஞ்சம் நிமிர்ந்து பாருப்பா என்று நான் அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே கேட்காமல் என் வாய்க்குள்ளேயே. எனக்கு அப்படித்தான் பேச வரும்.

எத்தனை இடி என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது ரூம் இருட்டிக் கிடந்தது. மூலையில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

அந்த நொடியே எல்லாப் பிளக்கையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரோரமாகச் சாய்ந்தேன்.

அவள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். நான் மாடியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பிடுங்கிக் கிடந்த பிளக்குகளைப் பார்த்தாள். "இடியில நல்லவேளை புடுங்கிட்டீங்க பெரிம்மா" என்றாள். குரலில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. நான் விரலை நீட்டி விளையாட்டுப் பெட்டியைக் காட்டினேன்.

ஈரக் கையைக் கொடியில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு திறந்தாள். ஒருத்தர் வந்தார், கையை ஆட்டினார், போனார். இன்னொருத்தர். பூனைக் காதுப் பெண் மறுபடி வந்தாள். நாலாவதாக வந்தது, எனக்கும் தெரிந்துவிட்டது. கண்ணாடி. கன்னத்தில் மச்சம். தூக்கக் கண். அவனைப் பார்த்ததும் பல நாளாக எங்கள் படியேறிக்கொண்டிருந்த பையன்தானே என்றிருந்தது. கையை ஆட்டினான். தலைக்கு மேல் ஒரு வரி வந்தது.

அவள் பொத்தானை அழுத்தி அவனை அனுப்பிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாடையை அதன்மேல் வைத்துக்கொண்டு. தலையிலிருந்து தண்ணீர் பாயில் சொட்டியது.

"இன்னாமா சொல்றான்?"

"இன்னும் இல்லக்கா, அப்படின்றான்."

அவள் தம்பியை அதற்குப் பிறகும் நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அந்தக் கட்டைவிரல் அளவுதான்.

மழை விட்டிருந்தது. அவள் பெட்டியை மூடாமல் ஜன்னலோரம் நிறுத்தி வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து எழுப்பினாள். "நீங்க மத்தியானத்துலேர்ந்து சாப்டலதானே?" என்றாள். என்னோடு கீழே இறங்கி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, அரிசி டப்பாவைத் திறந்தாள். எங்கள் இரண்டு பேருக்கு இரண்டு டம்ளர் போதும். அது அவளுக்கும் தெரியும். மூன்றாவது டம்ளரையும் தலை தட்டிப் போட்டுக் களைய ஆரம்பித்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதிகம் என்று சொல்லவில்லை.